தோத்துப்போன ஒரு பிளாஸ்டிக்கின் கதை

'மக்கும் பிளாஸ்டிக்'னு சொன்னாலே ஏதோ நேத்துதான் ஒரு ஸ்டார்ட்டப் கம்பெனியில கண்டுபிடிச்ச புது சமாச்சாரம் மாதிரி நம்ம எல்லாருக்கும் ஒரு நினைப்பு. பேப்பர்ல வர்ற செய்தியும் அப்படித்தான் இருக்கும். 'பிளாஸ்டிக்குக்கு மாற்று வந்துவிட்டது'ன்னு ஒரு தலைப்பு, கீழே பச்சை இலை வரைஞ்ச ஒரு கப் படம். ஆனா மக்களே, அந்த மாற்று 1926-லயே வந்தாச்சு. வந்து, தூங்கி, எழுந்து, கைமாறி, தோத்து, மறுபடி வந்து, மறுபடி தோத்து... ஒரு மெகா சீரியலே ஓடி முடிஞ்சிருக்கு.

நான் கெமிஸ்ட்ரி ஆள் இல்லை. இன்ஜினியரிங் முதல் வருஷத்தோட அந்த உறவு சுமுகமா முடிஞ்சுபோச்சு. இப்போ பொட்டி தட்டுற பொழப்பு. ஆனா நல்ல டெக்னாலஜி ஏன் செத்துப்போகுதுங்கிற கதைகள் மேல எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அதுல இந்தக் கதை ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. ஏன்னா இதுல மண்ணுலயும் கடல்லயும் தானா மக்குற சரக்கு தோத்துப்போச்சு. தனியா இடம் பார்த்து, சூடு பண்ணி உக்கார வெச்சாத்தான் மக்குவேன்னு அடம்பிடிக்கிற சரக்கு ஜெயிச்சிருச்சு. எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம்

'பயோபிளாஸ்டிக்'ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு தனித்தனி கேள்வி ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, இது எதுல இருந்து வந்தது? ரெண்டு, இது கடைசியில என்ன ஆகும்? இந்த ரெண்டுக்கும் சம்பந்தம் இருந்தே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

பிரேசில்ல பிராஸ்கெம்னு ஒரு கம்பெனி 2010-ல இருந்து கரும்பு எத்தனால் மூலமா பாலிதீன் தயாரிக்குது. வந்தது கரும்புல இருந்து. ஆனா அது அக்மார்க் பாலிதீன்தான், மக்காது. அதுக்கு நேர் எதிரா, ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் 1998-ல கொண்டுவந்த ஈக்கோஃப்ளெக்ஸ் பெட்ரோலியத்துல இருந்து வருது. ஆனா கம்போஸ்ட்ல மக்கும். ஆக, பச்சை இலை படம் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு, ரெண்டாவது கேள்விக்கும் சொன்ன மாதிரி நம்மளை நினைக்க வைக்கும்.

சொல்லப்போனா செடியில இருந்து பிளாஸ்டிக் பண்றதுதான் பழசு. 1860-களின் கடைசியில அமெரிக்காவுல ஜான் வெஸ்லி ஹயாட் யானைத் தந்தத்துல செஞ்ச பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்று தேடப்போய் உருவாக்கின செல்லுலாயிட், தாவர செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. 1890-களின் கடைசியில ஜெர்மனியில வந்த காலாலித், பால்ல இருக்கிற கேசின் புரதம். சட்டை பட்டன் எல்லாம் அதுல செஞ்சாங்க. செலஃபேன் தாள், மரக்கூழ். பெட்ரோலியம் இந்த ஆட்டத்துக்குப் பின்னாடி வந்து சேர்ந்த ஆளு. ஆனா வந்தவன் மொத்த மைதானத்தையும் எடுத்துக்கிட்டான்.

பாக்டீரியாவின் கட்டுச்சோறு

நம்ம கதாநாயகன் பேரு பிஎச்பி. முழுப்பேரு பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட். ஒரு தடவை படிச்சாச்சுல்ல, போதும், இனிமே சுருக்கமாவே கூப்பிடுவோம்.

மாரிஸ் லெமாய்ன். பிரான்ஸின் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் விஞ்ஞானி. 1920-களில் பேசில்லஸ் மெகாடீரியம் என்ற பாக்டீரியாவை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தார். வெறும் தண்ணியில அந்த பாக்டீரியாவைப் போட்டு வெச்சா, தண்ணி கொஞ்ச நேரத்துல அமிலமா மாறுது. சாப்பிட எதுவும் இல்லாத இடத்துல அமிலம் எங்கிருந்து வருது? துருவிப் பார்த்தா, பாக்டீரியா தன் உடம்புக்குள்ள ஏற்கனவே சேர்த்து வெச்சிருந்த ஒரு பொருளை உடைச்சு செலவு பண்ணிக்கிட்டிருக்கு. அந்தப் பொருள்தான் பிஎச்பி. 1920-களின் நடுவுல அது ஒரு நீளமான சங்கிலி மூலக்கூறுன்னு லெமாய்ன் எழுதினார்.

விஷயம் ரொம்ப எளிமை. சர்க்கரை ஏராளமா கிடைக்குது, ஆனா நைட்ரஜனோ பாஸ்பரஸோ பத்தலைன்னா, பாக்டீரியாவால வளர முடியாது. அப்போ மிச்ச சர்க்கரையை குட்டி குட்டி உருண்டையா உள்ள சேர்த்து வெச்சுக்கும். நமக்குத் தொப்பை மாதிரின்னு வெச்சுக்குங்களேன். சில வகை பாக்டீரியாக்களில் காய்ந்த எடையில 80 சதவீதம் வரைக்கும் இந்த உருண்டைதான். பட்டினி காலம் வந்தா எடுத்துச் சாப்பிடும்.

இங்கதான் முக்கியமான பாயிண்ட். இது பாக்டீரியா தனக்காகக் கட்டி வெச்ச கட்டுச்சோறு. அதைச் செரிக்கிற என்சைம் பல கோடி வருஷமா மண்ணுலயும் ஆத்துலயும் கடல்லயும் இருக்கு. பக்கத்து பாக்டீரியா செத்தா அதோட கட்டுச்சோத்தை உருவிச் சாப்பிட ஒரு கூட்டமே காத்துக்கிட்டிருக்கு. அதனாலதான் பிஎச்பி எங்க கிடந்தாலும் காலப்போக்கில் மக்கும். உடனே நாளைக்கே கரைஞ்சுடும்னு அர்த்தம் இல்லை. மெல்லிசு ஃபிலிம்னா மாசக்கணக்கு, தடிமனான பாட்டில்னா வருஷக்கணக்கு ஆகும். ஆனா அதுக்குன்னு தனி தொழிற்சாலை கட்ட வேண்டாம்.

சரி, 1926-ல இதைக் கேட்டு உலகம் துள்ளிக் குதிச்சுதா? இல்லை. லெமாய்ன் எழுதினது பிரெஞ்சுல, அதுவும் பாக்டீரியா உடல்கூறு பத்தி. பிளாஸ்டிக் பண்றவங்க யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை.

எதிரியைப் பெத்த வீடு

ஏழு வருஷம் கழிச்சு, 1933 மார்ச். இங்கிலாந்தின் வின்னிங்டன்ல இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ், சுருக்கமா ஐசிஐ கம்பெனியின் ஆய்வகம். எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன்னு ரெண்டு பேர் எத்திலீன் வாயுவோட பென்சால்டிஹைடைச் சேர்த்து, 170 டிகிரி சூட்டுல, காற்றழுத்தத்தைப் போல 1900 மடங்கு அழுத்தத்துல வேக வெச்சாங்க. எதிர்பார்த்த வினை நடக்கவே இல்லை. திறந்து பார்த்தா வெள்ளையா மெழுகு மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுதான் பாலிதீன்!

ரெண்டாம் உலகப் போர்ல ரேடார் கேபிளுக்கு உறை போட அது உதவியது. போர் முடிஞ்சு வீட்டுக்குள்ள வந்தது. ஸ்வீடன்ல செல்லோபிளாஸ்ட் கம்பெனியின் ஸ்டென் குஸ்டாஃப் துலின், ஒரே குழாய் ஃபிலிமை மடிச்சு, ஒட்டி, வெட்டி கைப்பிடி வெச்ச பை பண்ணினார். 1965-ல அமெரிக்க காப்புரிமையும் கிடைச்சது. நம்ம மளிகைக்கடை கேரி பேக்கின் கொள்ளுத்தாத்தா அது.

இந்த ஐசிஐயை ஞாபகம் வெச்சுக்குங்க. கதையில மறுபடி வரும், ஆனா எதிர் டீம்ல.

எண்ணெய் ஏறினா பாசம், இறங்கினா மோசம்

1950-களின் கடைசியில அமெரிக்காவின் டபிள்யூ ஆர் கிரேஸ் கம்பெனி பிஎச்பியைத் தூசு தட்டி எடுத்து, காப்புரிமையும் வாங்கி, கொஞ்சமா தயாரிச்சும் பார்த்தது. விளைச்சல் கம்மி, பாக்டீரியா கசடு முழுசா போகலை, உருக்கினா நிறம் மாறுது. மூட்டை கட்டிட்டாங்க.

அப்புறம் 1973 வந்தது. அரபு நாடுகள் எண்ணெய் குழாயைத் திருகினதும், பீப்பாய் 3 டாலர் சுமாருக்கு இருந்த கச்சா எண்ணெய் சில மாசத்துல 12 டாலர் கிட்ட போயிடுச்சு. பாலிதீன் கண்டுபிடிச்ச அதே ஐசிஐக்கு வயித்துல புளியைக் கரைச்சது. பெட்ரோலியம் இல்லாம, சர்க்கரையை வெச்சு பிளாஸ்டிக் பண்ண முடியுமா? 1970-களின் நடுவுல பிஎச்பி ஆராய்ச்சி தொடங்கியது. கவனிங்க, அப்போ சுற்றுச்சூழல்ங்கிற பேச்சே பெருசா இல்லை. மக்கும்ங்கிறது ஒரு கொசுறு. நோக்கம் முழுக்க எண்ணெய் விலைதான்.

ஐசிஐக்கு பில்லிங்ஹாம்ல நொதித்தல் அனுபவம் ஏற்கனவே இருந்தது. மெத்தனாலைத் தின்னு வளர்ற பாக்டீரியாவை மாட்டுத்தீவனமா விக்கப் பிரம்மாண்டமான தொட்டியெல்லாம் கட்டியிருந்தாங்க. அந்தத் தீவனம், விலை மலிவான சோயா கூடப் போட்டி போட முடியாம படுத்துடுச்சு. விலைங்கிற வில்லன் கதைக்குள்ள ஏற்கனவே நுழைஞ்சாச்சு.

சுத்தமான பிஎச்பியில ஒரு பெரிய குறை. அப்பளம் மாதிரி நொறுங்கும். அதோட சுமார் 175 டிகிரியில உருகும், அதுக்குக் கொஞ்சம் மேல போனா சிதைஞ்சிடும். அச்சுல ஊத்தறவன் பாடு திண்டாட்டம். ஐசிஐ விஞ்ஞானிகள் ஒரு அழகான குறுக்குவழி கண்டுபிடிச்சாங்க. பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸோட கொஞ்சம் புரோப்பியானிக் அமிலத்தையும் சாப்பாட்டுல கலந்து கொடுத்தா, அது கட்டுற சங்கிலியில நடுநடுவுல வேற மாதிரி கண்ணி சேருது. பிளாஸ்டிக் இளகி வளையுது. சாப்பாட்டு மெனுவை மாத்தினா பொருளோட குணமே மாறுது! இந்தச் சரக்குக்கு வெச்ச பேரு பயோபால்.

ஆனா இதெல்லாம் கைகூடி வர்ற நேரத்துல, 1986-ல எண்ணெய் விலை பாதிக்கும் கீழ விழுந்தது. எந்தக் காரணத்துக்காக ஆரம்பிச்சாங்களோ அந்தக் காரணமே காணோம். அப்போதான் கொசுறா இருந்த 'மக்கும்' குணம் முன்னாடி வந்து நின்னது. 1990-ல ஜெர்மனியில வெல்லா கம்பெனி தன்னோட சனாரா ஷாம்பூவை பயோபால் பாட்டில்ல போட்டு வித்தது. கடையில நிஜமா காசு கொடுத்து வாங்கக்கூடிய பாக்டீரியா பாட்டில்!

விலைதான் சிக்கல். பயோபால், சாதாரண பிளாஸ்டிக்கைவிட பத்து மடங்குக்கும் மேல. காரணமும் புரிஞ்சுக்கக் கூடியதுதான். பிஎச்பி பாக்டீரியாவோட வயித்துக்குள்ள இருக்கு. ஒவ்வொரு செல்லையும் உடைச்சு, கழுவி, பிரிச்சு எடுக்கணும். தேங்காயை உடைக்காம தேங்காய்ப்பால் எடுக்க முடியாதுல்ல, அந்த மாதிரி.

அப்புறம் ஓடினது கைமாற்றுப் படலம். 1993-ல ஐசிஐ ரெண்டா பிரிஞ்சு பயோபால் ஸெனிகாவுக்குப் போச்சு. 1996-ல மான்சாண்டோ வாங்கினது. 1992-லயே பிஎச்பி தயாரிக்கிற மரபணுக்களை ஒரு சின்னச் செடிக்குள்ள வெச்சுக் காட்டியிருந்தாங்க. வயல்லயே பிளாஸ்டிக் விளைய வைக்கலாம்ங்கிற ஆசை. போதுமான அளவு விளையலை. 2001-ல மெட்டபாலிக்ஸ் வாங்கினது. தானிய வியாபார ஜாம்பவான் ஏடிஎம்மோட கூட்டு சேர்ந்து அயோவாவுல வருஷம் 50,000 டன் தயாரிக்கும் ஆலை. 2012 ஜனவரியில ஏடிஎம் கழண்டுக்கிட்டது. 2016-ல மெட்டபாலிக்ஸின் பிளாஸ்டிக் பகுதி கொரியாவின் சிஜே கம்பெனி கைக்குப் போனது. இன்னொரு பக்கம், இதே குடும்பத்துச் சரக்குல ஸ்ட்ராவுக்கும் கப்புக்கும் மூலப்பொருள் கொடுத்துக்கிட்டிருந்த டானிமர் 2025 மார்ச்ல திவால் மனு போட்டது.

ஒரே சொத்து, அஞ்சு கைக்கு மேல. ஒருத்தர் கையிலயும் தங்கலை.

ஜெயிச்சவன் கதை

இப்போ கடைக்குப் போய் 'கம்போஸ்டபிள்'னு போட்ட கண்ணாடி மாதிரி கப் வாங்கினா அது பெரும்பாலும் பிஎல்ஏ. அதாவது பாலிலாக்டிக் அமிலம். நைலான் கண்டுபிடிச்ச டூபாண்ட் விஞ்ஞானி வாலஸ் கராதர்ஸ் 1930-களின் தொடக்கத்துலயே இதைத் தொட்டுப் பார்த்திருக்கார். ரொம்ப நாளா தானா கரையுற தையல் நூல் மாதிரி ஆஸ்பத்திரி சமாச்சாரங்களோட சரி. 1980-களின் கடைசியில கார்கில் கம்பெனியில பேட்ரிக் க்ரூபர் குழு இதை மக்காச்சோளத்துல இருந்து மலிவா பண்ற வழியைப் பிடிச்சது. 2002-ல நெப்ராஸ்காவின் பிளேர் ஊர்ல வருஷம் 1,40,000 டன் திறனோட ஆலை வந்தது. ஐசிஐயோட பயோபால் எட்டினது சில நூறு டன். வித்தியாசத்தைப் பாருங்க.

பிஎல்ஏ ஏன் மலிவு? லாக்டிக் அமிலம்ங்கிறது தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம். பாக்டீரியா அதை வெளியே கக்கிடும். செல்லை உடைக்க வேண்டாம், அப்படியே வடிச்சு எடுத்து, ரசாயன முறையில சங்கிலியா கோர்த்துடலாம்.

ஆனா இதுக்கு விலை வேற இடத்துல கொடுக்கணும். பிஎச்பி இயற்கையே கட்டின சங்கிலி. பிஎல்ஏ மனுஷன் கோர்த்த சங்கிலி. அதை நேரடியா கடிக்கிற கிருமிகள் குறைவு. முதல்ல தண்ணியும் சூடும் சேர்ந்து சங்கிலியைத் துண்டு துண்டா அறுக்கணும், அப்புறம்தான் கிருமிகள் பக்கத்துல வரும். அதுக்கு 58 டிகிரி சுமார் வெப்பம், ஈரம், காற்று எல்லாம் வாரக்கணக்குல வேணும். ஐரோப்பாவின் ஈஎன் 13432 மாதிரி தரச்சான்றுகளின் சோதனையும் அந்தச் சூட்டுலதான். ஆறு மாசத்துக்குள்ள 90 சதவீதம் கரியமில வாயுவா மாறணும். தொழில்முறை கம்போஸ்ட் ஆலையில அது நடக்கும். கடல்ல? தெருவோரக் குப்பையில? பல வருஷம் சும்மா கிடக்கும்.

நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் சர்வர்ல ஜோரா ஓடுது, கிளையண்ட் கிட்ட போனா படுத்துக்குது. சான்றிதழ் பொய் இல்லை. சான்றிதழ் சொல்ற இடம் நம்ம ஊர்ல இல்லை, அவ்வளவுதான்.

நடுவுல ஒரு காமெடியும் உண்டு. 2010-ல அமெரிக்காவுல சன் சிப்ஸ் பாக்கெட்டை பிஎல்ஏவுல போட்டாங்க. கையில எடுத்தாலே 95 டெசிபல் சத்தம்னு ஒருத்தர் அளந்து காட்டினார். பக்கத்துல பேசுறது கேக்கலைன்னு ஃபேஸ்புக்ல குழுவே ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் அக்டோபர்ல பெரும்பாலான வகைகளுக்குப் பழைய பாக்கெட்டே திரும்பிடுச்சு. பூமியைக் காப்பாத்த ஜனங்க தயார்தான், ஆனா சிப்ஸ் சாப்பிடும்போது சத்தம் வரக்கூடாது. :-)

போலிகளும், ஒரு நேர்மையான சந்தேகமும்

நிஜ சரக்குகள் இப்படி அடிபட்டுக்கிட்டிருக்க, 'மக்கும்'ங்கிற வார்த்தை மட்டும் தனியா சம்பாதிக்க ஆரம்பிச்சது. 1989-ல மொபில் எண்ணெய் கம்பெனி தன்னோட ஹெஃப்டி குப்பைப் பையை 'சிதையும்'னு வித்தது. வெயில் பட்டா சிதையும். குப்பைப் பை போறது மண்ணைப் போட்டு மூடுற குழிக்கு. அங்க ஏது வெயில்? 1990-ல அமெரிக்காவின் பல மாநிலங்கள் வழக்குப் போட்டன. அப்புறம் வந்தது ஆக்ஸோ வகை, சாதாரண பாலிதீன்ல ஒரு மருந்தைக் கலந்து பொடிப்பொடியா உதிர வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 சட்டத்துல அதைத் தடை பண்ணி, 2021 ஜூலையில அமலுக்குக் கொண்டுவந்தது.

2019-ல இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்துல இமோஜென் நாப்பர், ரிச்சர்ட் தாம்ப்சன் வெளியிட்ட ஆய்வு ரொம்பப் பிரபலம். பைகளை மண்ணுல புதைச்சும் கடல்ல தொங்கவிட்டும் மூணு வருஷம் பார்த்தாங்க. 'மக்கும்'னு எழுதின பையும் ஆக்ஸோ பையும் மூணு வருஷம் கழிச்சும் சாமான் தூக்குற அளவுக்குத் தெம்பா இருந்தன. 'கம்போஸ்டபிள்' பை கடல்ல மூணு மாசத்துல காணாமப்போச்சு. ஆனா மண்ணுல 27 மாசம் கழிச்சும் இருந்தது, எடை மட்டும் தாங்கலை. ஒரே பை, இடம் மாறினா வேற விதி.

பிஎச்பி பக்கமும் நியாயமா ஒண்ணு சொல்லணும். 1999-ல டில்மன் கெர்ன்கிராஸ் ஒரு கணக்குப் போட்டார். மக்காச்சோளத்துல இருந்து ஒரு கிலோ இந்த வகை பிளாஸ்டிக் எடுக்க 2.39 கிலோ நிலக்கரி, எண்ணெய், எரிவாயு செலவாகுது. அதே ஒரு கிலோ பாலிஸ்டைரீனுக்கு 2.26 கிலோதான்னார். எண்ணெயை மிச்சம் பிடிக்கப் போய் எண்ணெயையே கூட எரிக்கிறோமா? மின்சாரம் எங்கிருந்து வருது, விளைச்சல் எவ்வளவுங்கிறதைப் பொறுத்து கணக்கு மாறும், பின்னாடி வந்த ஆய்வுகள் மாத்தியும் காட்டின. ஆனா கேள்வி சரியான கேள்வி. மக்கினா மட்டும் போதாது.

அப்போ யார் தோற்கடிச்சது?

எனக்குப் பட்டதைச் சொல்றேன். பிஎச்பியை விஞ்ஞானம் தோற்கடிக்கலை. நொறுங்கினதைச் சரி பண்ணினாங்க, பாட்டில் பண்ணினாங்க, கடையில வித்தாங்க. தோற்கடிச்சது விலைச்சீட்டு. அந்த விலைச்சீட்டுல பாதி கணக்கு எழுதவே இல்லை. பாலிதீன் பை சில பைசான்னு சொல்றப்போ, அதை சாக்கடையில இருந்து அள்ளுற கார்ப்பரேஷன் தொழிலாளியோட கூலி அதுல இல்லை. மாட்டு வயித்தைக் கிழிச்சு கிலோக்கணக்குல எடுக்கிற டாக்டரோட நேரம் அதுல இல்லை. பிஎச்பியோ மக்குற செலவையும் முன்கூட்டியே தன் விலையில சேர்த்துக்கிட்டு வந்து நிக்குது. ஒருத்தன் வரி கட்டிட்டு வியாபாரம் பண்றான், இன்னொருத்தன் கட்டாம. யார் மலிவா இருப்பான்?

அதனாலதான் சட்டம் வந்தா ஆட்டம் மாறுது. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்து ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை, நாடு முழுக்க 2022 ஜூலை 1-ல இருந்து இன்னொரு பட்டியலுக்குத் தடை. ஆனா 2016 மத்திய விதிகள் 'கம்போஸ்டபிள்' கேரி பேக்குக்குத் தடிமன் கட்டுப்பாட்டுல விலக்கு கொடுக்குது. ஐஎஸ் 17088 தரத்துக்கு இருக்கணும், பையில அப்படின்னு எழுதியிருக்கணும்னு நிபந்தனை. காகிதத்துல நல்ல விதி. ஆனா அந்தத் தரமும் கம்போஸ்ட் ஆலைச் சூட்டை நம்பித்தான் நிக்குது. பையை வாங்குற நம்ம குப்பை போற இடமோ, பெரும்பாலும் ஒரு மலை. பெருங்குடி, கொடுங்கையூர் பக்கம் போனவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால அடுத்த தடவை பச்சை இலை போட்ட பையைப் பார்த்தா 'இது மக்குமா'ன்னு கேக்காதீங்க. 'எங்கே போட்டா மக்கும், அந்த இடம் எங்க ஊர்ல எங்க இருக்கு'ன்னு கேளுங்க. கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை.

பி.கு: உங்க ஊர்ல இந்தப் பைகளைத் தனியாப் பிரிச்சு, சூடு ஏத்தி முறையா கம்போஸ்ட் பண்ற ஆலை ஏதாவது ஓடுதா? நேர்ல பார்த்தவங்க இருந்தா பின்னூட்டத்துல விவரமா எழுதுங்க. அதை வெச்சே இன்னொரு பதிவு போட்டுடலாம்.